புஷ்பபாய் என்றொரு சொல்

கிட்ட வந்து இரியுங்க மக்களே, எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல்லின் கதை சொல்கிறேன். பாறசாலைப் பக்கம் ரகசியத்தைப் போட்டு உடைப்பவர் யாராக இருந்தாலும், மீசைக்காரராகவே இருந்தாலும், "அது ஒரு புஷ்பபாயாக்கும்" என்பார்கள்.

அந்தப் பெயர்க்காரி அசலாகவே இருந்தாள். திருவிதாங்கூர்த் தமிழரின் எல்லைப் போராட்டம் கொதித்த ஐம்பத்துநாலில், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போன அவள் அண்ணன் வேதமாணிக்கத்தைப் போலீஸ் தேடியது. பிடிபட்டால் எலும்பு மிஞ்சாது. அவனை மச்சில் ஏற்றிவிட்டு, ஏணியை வைக்கோலுக்குள் ஒளித்தாள்.

சாயங்காலம் ஏட்டு கிருஷ்ணன்குட்டி வந்தார்.

"வேதமாணிக்கம் எவிடே?"

"நாகர்கோவிலுக்குப் போயாச்சு ஏமானே."

"வரட்டே. ஞான் இரிக்காம்" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

குடும்ப ஜெப நேரம் ஆயிற்று. மிஷன் சபைக்காரர் வீட்டில் புயல் வந்தாலும் போலீஸ் வந்தாலும் ஜெபம் நிற்காது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்கவும் வேண்டும். புஷ்பபாய் முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். ஏட்டு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

அம்மா, அத்தை, சினை ஆடு, எல்லோரையும் ஒப்படைத்தாயிற்று. பழக்கதோஷம், நாக்கு அங்கே நிற்கவில்லை.

"கர்த்தாவே, மச்சில கெடக்க எங்க அண்ணனுக்குத் தும்மல் வராம காத்துக்கிடும்!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஆமென் சொல்லவும் மறந்து, கண் திறக்கப் பயந்து கிடந்தாள். தலைக்கு மேல் பலகை ஒன்று முனகியது.

"தெய்வத்தோடு பறஞ்ஞது ஞான் கேட்டில்ல" என்றார் ஏட்டு. தெய்வத்திடம் சொன்னது அவர் காதில் விழவில்லையாம். தொப்பியைப் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார்.

மேலதிகாரி துருவிக் கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. வேதமாணிக்கமும் சாகும்வரை மூச்சுவிடவில்லை. அம்மாவும் அத்தையும் அடுப்பிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒரே வாரத்தில் ஊரெல்லாம் எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? அன்று ஊருக்குச் சொன்ன அதே வாய்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறது:

"உங்க வீட்டில சோறும் சமாதானமும் நெறஞ்சு கெடக்கட்டும் மக்களே, இந்தப் புஷ்பபாய்க்கு உள்ளது போல ஒரு நாக்கு மட்டும் அங்க பொறக்காண்டாம்!"