ஒரு தட்டு முன்னால்

ஆறாவது பாட்டு ஏழாவது நிமிடத்தைத் தொட்டுவிட்டது.

அவள் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். இந்த ஒரு முறை குனியக் கூடாது. பார்க்க வேண்டும்.

பெங்களூர் மைதானத்தில் வெயில் இன்னும் தாழவில்லை. நாலாயிரம் பேர் இருக்கும். பாதிக்கு மேல் கறுப்பு பனியன். மேடையில் ஐந்து பேர், இருபது வருடத்துக்கு முன் போட்ட தங்கள் ஆல்பத்தை வரிசை மாறாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தாடியெல்லாம் நரைத்திருந்தது. கைவேகம் மட்டும் அப்படியே இருந்தது.

அம்மாவிடம் ஆபீஸ் பயிற்சி என்று சொல்லிவிட்டு நாகர்கோவிலில் ரயில் ஏறியிருந்தாள். முப்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு பொய்.

இந்த ஆல்பத்தை அவளுக்குக் கொடுத்தவன் லிபின். கல்லூரியில் பக்கத்து பெஞ்ச். யாருடைய சிடியிலிருந்தோ எடுத்த நகலின் நகல் அது. உறை கிடையாது, பாட்டுப் பெயர்களும் கிடையாது. கல்லூரிப் பேருந்தில் ஒரே இயர்போன். இடது காது அவளுக்கு, வலது காது அவனுக்கு.

சட்டமெல்லாம் அவன் போட்டது. பாட்டைத் தாண்டக் கூடாது. நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரு பாட்டு முடியும்வரை வாயைத் திறக்கவே கூடாது.

ப்ரோக்ரெசிவ் மெட்டலை வெறும் இரைச்சல் என்றவர்களோடு அவர்கள் சண்டைக்குப் போனதில்லை. அதற்கு நேரமில்லை. தாளத்தின் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாட்டில் கிடாரில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போன மெட்டு, ஐம்பது நிமிடம் கழித்துக் கடைசிப் பாட்டில் டிரம்ஸோடு சேர்ந்து வீட்டுக்காரன் மாதிரி உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் அங்கே அவளுக்குக் கண் கலங்கும்.

அதைவிடப் பெரிய அதிசயம் ஆறாவது பாட்டில் இருந்தது. பதினான்கு தட்டில் சுற்றிச் சுற்றி வரும் மெட்டு. ஒன்பதாவது சுற்று மட்டும் பதிமூன்றிலேயே முடிந்து, அடுத்த அடி திடுமென்று விழும்.

"ஒண்ணத் திருடிட்டானுவ, கேட்டியா" என்றான் லிபின், பாட்டு முடிந்த பிறகு. தானே திருடியதுபோல அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அன்றுமுதல் அந்த அடியில் இருவர் தலையும் சேர்ந்து குனியும். மூன்று வருடம் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

கடைசித் தேர்வு முடிந்த அன்று, கட்டிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

நாலு மாதம் யோசித்தாள். சரி என்று சொல்ல போன் செய்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. வீட்டையும் மாற்றிக்கொண்டு போயிருந்தார்கள். முகநூலில் தேடாத லிபின் இல்லை.

வேலைக்குப் போனபின் அசல் சிடியை வரவழைத்தாள். ஆறாவது பாட்டு, ஏழாவது நிமிடம். தலை தானாகக் குனிந்தது.

அடி விழவில்லை.

ஒரு தட்டு கழித்து விழுந்தது.

பத்து முறை கேட்டாள். ஒன்பதாவது சுற்றும் பதினான்குதான். யாரும் எதையும் திருடவில்லை. அவர்களுடைய நகலில் ஒரு கீறல். மூன்று வருடம் இரண்டு பேரும் வாயைப் பிளந்தது அந்தக் கீறலுக்காக.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தான்.

கழுத்து மட்டும் திருந்தவேயில்லை. இன்றைக்கும் ஒரு தட்டு முன்னால்தான் குனிகிறது. இவர்கள் வாசிக்க வருகிறார்கள் என்றால் லிபின் எங்கிருந்தாலும் வருவான். அவன் கழுத்தும் திருந்தியிருக்காது. அந்த நப்பாசையில்தான் இத்தனை தூரம் வந்து நிற்கிறாள்.

ஒன்பதாவது சுற்று தொடங்கியது.

விரலில் எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று.

நாலாயிரம் தலைகளும் நிமிர்ந்தே இருந்தன.

இடப்பக்கம், ஸ்பீக்கர்களுக்கு அருகே, ஒரு தலை குனிந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று. சின்னத் தலை.

பிறகு அடி விழுந்தது. மைதானம் முழுக்கக் குனிந்தது.

அவள் நகர்ந்தாள். பாட்டின் நடுவே, நின்ற இடத்தைவிட்டு அசைவது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. யார் யார் காலையோ மிதித்தாள்.

குனிந்த அந்தத் தலையின் உச்சியில் முடி கொட்டியிருந்தது. அருகே எட்டு வயதுப் பெண் ஒருத்தி, சத்தம் தாங்குவதற்காகக் காதை மூடிய பெரிய ஹெட்போனோடு. பக்கத்தில் மனைவி என்று யாராவது நிற்கிறார்களா என்று இவள் தேடினாள். தேடியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பாட்டு தணிந்து கீபோர்டு மட்டும் ஒலித்தது.

சின்னவள் அவன் சட்டையை இழுத்தாள். காது மூடியிருந்ததால் கத்தித்தான் சொன்னாள்.

"அப்பா, எல்லாரும் லேட்டு."

அவன் சிரித்தபடி உதட்டில் விரல் வைத்தான். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. லிபின்தான்.

இவனாவது அசலைக் கேட்காமல் இருப்பதாவது. கேட்டிருப்பான். கீறல் என்று தெரிந்தேதான் மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். இத்தனை வருடம் அவள் சுமந்து வந்த சேதி அவனுக்குப் பழசு.

இனி சொல்ல ஒன்றும் இல்லை. அப்படியே திரும்பிப் போய்விடலாம்.

போகவில்லை. அவன் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். பாட்டு முடிய இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. சட்டம் சட்டம்தான். வாயைத் திறக்கவில்லை.

பதினான்கு தட்டு மெட்டு கடைசியாக ஒருமுறை திரும்ப வந்தது. எண்ணிக்கொண்டே நின்றாள்.

கடைசிச் சுற்று.

பதிமூன்றில் அவன் தோளைத் தொட்டாள்.