ஈ.சி. சரியில்லை

"ஈ.சி. சரியில்லை. உடனே கவனிக்கவும்" என்றது போன்.

அர்த்தநாரியின் வாய்க்குப் போன இட்லி பாதி வழியில் நின்றது. எதிரே மனைவி வசந்தாமணி சட்னிக் கிண்ணத்தோடு நின்றாள்.

"ஏனுங்க, நம்ம ஈ.சி.ல என்னுங்க கோளாறு?"

"அது சும்மா கத்துது. நீ சட்னிய ஊத்து."

காட்டோரம் பச்சை வலைக் கொட்டகை போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. மண்ணே இல்லாமல், குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் கீரை வளர்க்கும் ஏற்பாடு. எது கூடினாலும் குறைந்தாலும் தொட்டியிலிருக்கும் கருவி நேரே அர்த்தநாரியின் போனுக்குச் சொல்லிவிடும். மல்லசமுத்திரத்தில் நடந்த பயிற்சிக்கு வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும் என்றதும் அவர் கழன்றுகொண்டார்.

கொட்டகை போட்ட கம்பெனிக்காரர்கள் பட்டா நகல் வாங்கிப் போனது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. படுபாவிகள், பத்திர ஆபீஸ் வரைக்கும் கம்பி இழுத்துவிட்டார்களா? ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றிதழைப் போட்டால் எந்த நிலம் எவர் பேருக்குப் போனது என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடுமே!

போன தை மாதம்தான் கிணற்றோரத்துப் பத்து சென்ட்டை அக்கா அங்காளம்மாள் பேருக்கு ரகசியமாக எழுதிக்கொடுத்திருந்தார். அங்காளம்மாளுக்கும் வசந்தாமணிக்கும் ஒரு காதுகுத்து விருந்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. விஷயம் தெரிந்தால் இவள் வாழப்பாடியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவாள். இவளில்லாத வீட்டில் அவரால் ஒரு நாள் ஓட்ட முடியாது.

"ஈ.சி. மிகவும் அதிகம். தாமதிக்க வேண்டாம்."

"அதிகமுனு சொல்லுதுங்களே. நம்ம நெலத்துல அதிகமா வேற ஆரு பேராவது இருக்குதுங்களா?"

"ஆரு பேரு இருக்கும்? எங்கப்பன் பேரு இருக்கும்."

"அப்பறம் எதுக்குங்க இப்புடி வேர்க்குது?"

"சட்னி காரம்."

"தேங்காச் சட்னிங்க."

போன் மறுபடியும் வாயைத் திறந்தது. "ஈ.சி. இன்னும் சரிசெய்யப்படவில்லை. நிர்வாகிக்குத் தகவல் அனுப்பப்படுகிறது."

நிர்வாகி என்றால் தாசில்தாராகத்தான் இருக்க வேண்டும். அர்த்தநாரி தட்டைத் தள்ளி வைத்தார்.

"வசந்தா, கோவிச்சுக்காத. கெணத்தோரத்துப் பத்து சென்ட்ட அக்கா பேருக்கு எழுதிக் குடுத்துப்போட்டேன். ஒழுகற ஊட்டுல கெடக்கறா. மனசு கேக்கல."

வசந்தாமணி சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கியது.

"குடுத்ததுக்கில்லீங்க. இத்தன மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தப்புத்தான். இப்ப அந்த ஈ.சி.ய என்ன பண்றது? பத்திர ஆபீசுக்குப் போகோணுமா?"

"அங்க எதுக்குங்க?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கொட்டகைக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார். நாலு குடம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஈ.சி.ன்னா இந்தத் தண்ணியில இருக்கற உப்புங்க. பயிற்சில மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க. கெணத்தோரம் புதுசா எல்லைக் கல்லு நட்டிருக்குதே, என்னன்னு கேட்டா நீங்க சொல்லவா போறீங்க? அதான் போனு கத்தட்டுமுன்னு காலைல உரத்த ரெண்டு பிடி சேத்திப் போட்டேன்."

"ஈ.சி. சரியாகிவிட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது போன்.