நந்தியாவட்டையின் பங்கு

வயலுக்கடியில் ஓடிய குழாய்கள் ஒவ்வொரு மிளகாய்ச் செடியின் தாகத்தையும் அறிந்து, அதன் வேருக்கு மட்டும் சொட்டு விட்டன. கணவனைப் புதைத்த வரப்போரத்தில் செங்கமலம் நட்டிருந்த நந்தியாவட்டை அவற்றின் கணக்கில் இல்லை. அதனால் தன் குடிதண்ணீரில் தினமும் ஒரு செம்பை அதற்கு ஊற்றி வந்தாள்.

பூக்கும் பருவத்தில் பக்கத்துப் பாத்தி முழுவதும் வாடியது. மருமகன் மாயழகு வந்து பார்த்தான்.

"அத்தை, நீங்க ஊத்துற ஈரத்தைப் பாத்து, இந்தக் குழாய், தானே ஒடஞ்சு ஒழுகுறதா நெனச்சு இந்தப் பாத்திக்கே தண்ணிய அடைச்சிருச்சு. ஈரம் காஞ்சாத்தான் தொறக்கும்."

"உங்க மாமாவுக்குத்தான் ஊத்துனேன்னு அதுகிட்டச் சொல்லுங்க மாப்ள."

"நான் சொன்னா உங்க மகளே கேக்க மாட்டா. இது எங்க கேக்கப்போகுது, அத்தை?"

செங்கமலம் ஊற்றுவதை நிறுத்தினாள். ஈரம் காய்ந்ததும் குழாய் திறந்து, மிளகாய் நிமிர்ந்தது. நந்தியாவட்டையின் இலைகள் சுருண்டன.

ஒருநாள் பிற்பகல் பழக்கத்தில் செம்போடு வந்துவிட்டாள் செங்கமலம். ஊற்றினால் வருசத்துச் சோறு போய்விடும். செம்பைக் கீழே வைத்தாள். வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் செடியின்மேல் விழும்படி உட்கார்ந்தாள். நிழல் விலக விலக, அவளும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.