போட்டுக்கொடுத்தவள்

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீசுக்கு வாங்கம்மா. இன்ஷூரன்ஸ்லேர்ந்து ஆபீசர் வர்றாங்க. நீங்க விழுந்தது வீட்டுல இல்லையாமே?"

மேனேஜர் போனை வைத்துவிட்டார். மாவுக்கட்டு போடாத கையால் போனைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதை அவள் கணவரிடம் சொன்னாள்.

"யாரு போட்டுக்கொடுத்தது?" என்றார் கணவர்.

"வேற யாரு? ஸ்பீக்கர் அக்காதான். அன்னிக்குப் பக்கத்துல நின்னது அவங்க ஒருத்தர்தான்."

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் லாண்டரியில் அவளுக்கு மடிக்கிற வேலை. பத்து நாளைக்கு முன்னால் சோப்புத் தண்ணீர் கேனை முழங்கையால் தட்டிவிட்டாள். அப்புறம் துடைக்கலாம் என்று அடுத்த வேலைக்கு ஓடியவள், திரும்பி வரும்போது அதிலேயே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆனால் டாக்டரிடம், வீட்டுக் குளியலறையில் விழுந்ததாகச் சொல்லிவிட்டாள்.

சொல்லச் சொன்னவர் கணவர். அவர் லிஃப்ட் ஆப்பரேட்டர். இரண்டு மாடிகளுக்கு நடுவே காதில் விழுந்ததுதான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

"நஷ்டஈடு கேக்கறதும் முதலாளி மேல கேஸ் போடறதும் ஒண்ணு. மறுநாளே சீட்டைக் கிழிச்சிடுவாங்க. அதுவும் உன் தப்பால நீயே விழுந்திருக்கே. ஒரு பைசா பேராது" என்றிருந்தார்.

இப்போது அவள் கேட்டாள்: "பொய் சொன்னதும் சேர்ந்துக்கிச்சேங்க. போலீசுக்குப் போவாங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். அந்த விஷயம் எந்த மாடியிலும் பேசப்படவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலையில் பஸ்ஸில் போகும்போதும் அவர் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார்: "என்ன கேட்டாலும் சரி, நீ குளியலறையை விட்டு வெளியவே வராதே."

லாண்டரி வாசலிலேயே ஸ்பீக்கர் அக்கா எதிர்ப்பட்டாள். வாயைத் திறந்தால் ஆறு மெஷின்களின் சத்தமும் அமுங்கிவிடும் என்பதால் வந்த பேர் அது. இவளைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள்.

"ஒரு விஷயத்தையாவது உங்க வாய்க்குள்ள வச்சுக்க மாட்டீங்களாக்கா? என் வயித்துல அடிச்சுட்டீங்களே. நல்லா இருங்க!"

ஸ்பீக்கர் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தோளில் கிடந்த ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பாத்தியா, பதில் பேச முடியலை" என்றார் கணவர்.

ஆபீஸ் அறையில் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீசரம்மாவுக்கு, இவள் தங்கை வயதுதான் இருக்கும். ஃபைலைப் புரட்டினார்.

"டாக்டர் ரிப்போர்ட்ல வீட்டுக் குளியலறைன்னு இருக்கு. உண்மையில எங்கம்மா விழுந்தீங்க? பயப்படாம சொல்லுங்க."

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் அவளுக்குப் பயம் இரண்டு மடங்காகும். கணவரைப் பார்த்தாள். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் மேடம்." அதற்குமேல் அவளால் நிறுத்த முடியவில்லை. "பொய் சொல்லிட்டேன். சோப்புத் தண்ணியைக் கொட்டினதும் நான்தான், துடைக்காம விட்டதும் நான்தான். எனக்கு நஷ்டஈடு, கிஷ்டஈடு எதுவும் வேணாம். வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க."

ஆபீசரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"யார் தப்புன்னு நான் கேக்கவே இல்லையேம்மா. வேலை நேரத்துல, வேலை செய்யற இடத்துல அடிபட்டுதா, அவ்வளவுதான் கேள்வி. தெரியாம கை பட்டுக் கொட்டினதுக்காக உங்களுக்குச் சேர வேண்டியது இல்லேன்னு ஆயிடாது."

"அப்போ... முதலாளி மேல கேஸு?" என்று கணவர் இழுத்தார்.

"கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை சார். கம்பெனி இன்ஷூரன்ஸ் கட்டுறதே இதுக்குத்தான். டாக்டர்கிட்ட நடந்ததைச் சொல்லி ரிப்போர்ட்டைத் திருத்தி வாங்கிட்டு வந்துடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"கையை உடைச்சுக்கிட்டதுக்கு யாராவது வேலையை விட்டு எடுப்பாங்களாம்மா?" என்றார் மேனேஜர். "நல்லா சரியானப்புறம் வாங்க. அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

பத்து நாளாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது ஒரே மூச்சில் இறங்கியது. கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். இருந்த நிம்மதியில் அவரை முறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

எழுந்திருக்கப் போனவளை ஆபீசரம்மா கையமர்த்தினார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. கொட்டினது நீங்கன்னு நீங்க சொல்றீங்க. ஆனா நேர்ல பாத்தவங்க நேத்து வேற மாதிரி எழுதிக் கொடுத்திருக்காங்களே?"

நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினார். கோணல்மாணலான எழுத்து. கீழே ஸ்பீக்கர் அக்காவின் கையெழுத்து. அவள் இடது கையால் வாங்கிப் படித்தாள்.

'அவள் வேலை செய்யும்போதுதான் விழுந்தாள். சோப்புத் தண்ணீரைக் கொட்டியது நான். துடைக்காமல் விட்டதும் நான். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. யாரையாவது வேலையை விட்டு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், தயவுசெய்து என்னை அனுப்புங்கள்.'