ஒன்பதாவது தொட்டி

ஷார்ஜாவில் ஜனவரி மாதக் காலை. சமையலறையில், கூல்டிரிங்ஸ் கடையில் இருப்பது போன்ற கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கிறது. உள்ளே பாட்டில்கள் இல்லை; டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்பது சிறு தொட்டிகள். இந்த வீட்டு ஆங்கிலேய அம்மா ஈவா, தன் ஊர்க் குளிரில் பூக்கும் ஸ்நோடிராப் பூக்களில் இரண்டு வகையைக் கலந்து எடுத்த விதைகளை நான்கு வருடம் முன்பு அவற்றில் ஊன்றினார். மஞ்சள் பொட்டு வைத்த பூ வேண்டும் என்பது அவர் ஆசை. பூத்த எட்டிலும் பச்சைப் பொட்டுதான். அவர் இறந்து பதினாறு நாளாகிறது. இன்று ஒன்பதாவது விரிந்திருக்கிறது. சமையல் செய்யும் வள்ளிநாயகி கதவைத் திறந்து, தலைகவிழ்ந்த அந்த வெள்ளைப் பூவை ஒற்றை விரலால் நிமிர்த்துகிறாள்.

"முனியசாமியண்ணை, ஓடி வாங்கோ! மஞ்சள்!"

தோட்டக்காரர் மண் கையோடு வாசலிலேயே நின்றுவிடுகிறார். "அந்தம்மா பாக்காமப் போயிருச்சேம்மா."

சத்தம் கேட்டு ஈவாவின் கணவர் வருகிறார். ஃபிரிட்ஜின் முன் மண்டியிட்டுப் பார்க்கிறார். முகம் மலர்கிறது. மாடிப் பக்கம் திரும்பி, "ஈவா! மஞ்சள்!" என்று உரக்கக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட வாய் மூடாமல் அப்படியே இருக்கிறது. மாடியில் எந்தக் கதவும் திறக்கவில்லை. வள்ளிநாயகி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொள்கிறாள்.

அவர் பூவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மெல்லச் சொல்கிறார்: "கதவை மூடு, நாயகி. பூவுக்குச் சூடு ஆகாது."