பிரீமியம் பெட்ரோல்

"ஆக்டேன் கூடின பெட்ரோல் போட்டதுலேர்ந்து எங்க வண்டி குடிக்கறதே இல்லை" என்று மெக்கானிக் சஜீவிடம் பெருமையாகச் சொன்னாள் விஷ்ணுப்ரியா. கணவன் கைலாஷ் தினமும் வலியசாலை வீட்டிலிருந்து ஊர்க்கோடியில் இருக்கும் கழக்கூட்டம் ஐ.டி. ஆபீசுக்கு ஓட்டிப்போகும் சின்னக் கார் அது. இப்போதெல்லாம் ஒரு டேங்க் மாதக்கணக்கில் வருகிறது. எல்லாம் பிரீமியம் பெட்ரோலின் மகிமை என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

சஜீவ் சிரித்தான். "சேச்சி, அது ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு உள்ளதாக்கும். இதுக்கு சாதா பெட்ரோலே போதும் கேட்டோ. மைலேஜ் ஒண்ணும் கூடாது."

"பின்னே எப்படி?"

அவன் குனிந்து மீட்டரைப் பார்த்தான். "போன சர்வீஸுக்கு அப்புறம் வண்டி அதிகம் ஓடவே இல்லியே! சார் ஆபீசுக்கு பஸ்ஸிலயா போறது?"

விஷ்ணுப்ரியாவும் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, தினமும் காரில்தானே கிளம்பிப் போகிறான்!

மறுநாள் காலை, "இன்னிக்கு ஏகப்பட்ட மீட்டிங்" என்றபடி கைலாஷ் டிபன் கேரியருக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருக்கும் கட்டியிருக்கேன். ஆபீஸ்னு சொல்லிட்டு தினமும் வண்டியை எங்க நிறுத்திண்டு தனியா உக்காந்திருக்கேளோ, அங்க என்னையும் அழைச்சிண்டு போங்கோ."