இரண்டாவது தட்டு

"இதுக்கு மேல பிரிச்சு விட இந்த பேன்ட்டுல துணி இல்லடா" என்றாள் அம்மா, கழுத்தில் இன்ச் டேப்போடு.

மகன் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான்.

"எக்கினா குறைஞ்சிடுமா? மூச்ச விடு."

விட்டான். பட்டன் தெறிக்கப் பார்த்தது.

ஊரடங்கு. காலேஜ் மூடி மாசக்கணக்காகிறது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள் வீட்டில், பையன் இடுப்பு மட்டும் அளவுக்கு அடங்காமல் போய்க்கொண்டிருந்தது. பொழுது விடிந்தால் லேப்டாப், அடைந்தால் போன். நடையென்று பார்த்தால் கட்டிலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும்தான்.

"உங்கப்பாவும் இந்த வயசுல இப்படித்தான் இருந்தாரு. இப்ப மாத்திரை டப்பாவோட குடித்தனம் நடத்தறாரு. உனக்கும் சுகர் வந்தாத்தான் புத்தி வருமா?"

"குறைச்சுக்கறேம்மா."

எங்கே குறைத்தான்? அன்றைக்கும் அப்பாவோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். அப்புறம் ஆன்லைன் வகுப்பு என்று அறைக்குள் போனான். முடிந்ததும் பூனை மாதிரி சமையலறைக்கு வந்து, இன்னொரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தினமும் நடக்கிற கூத்துதான். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் வேறு.

அம்மா தையலை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்தாள். எவளாவது ஒருத்தியா? இல்லை, சாப்பிடுவதை வீடியோ எடுத்துப் போடுகிற கிறுக்கா? இல்லை, தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்துவிட்டானா? இப்படியே விட்டால் உடம்பும் போச்சு, படிப்பும் போச்சு.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வாய் நிறையச் சாப்பாட்டோடு திருதிருவென்று விழித்தான் மகன். திரையில் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருத்தர், தன் தட்டில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மகன் சட்டென்று மைக்கை அணைத்தான்.

"யாருடா இது?"

"எங்க கணக்கு ப்ரொஃபசர்."

"வாத்தியாரோட என்னடா உனக்கு விருந்து?"

"கத்தாதம்மா. அவரு வீட்டம்மா இந்த ஊரடங்குலதான் தவறிட்டாங்க. ஒருநாள் வகுப்பு முடிஞ்சு எல்லாரும் வெளிய போயிட்டோம். ஒரு சந்தேகம் கேக்கலாம்னு திரும்ப உள்ள போனா, லேப்டாப்பை மூடாம சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. 'சாப்பிட்டீங்களா சார்'னு கேட்டேன். பதிலே இல்ல. 'நானும் இன்னும் சாப்பிடல சார், சேர்ந்து சாப்பிடலாமா'ன்னேன். அப்பதான் எழுந்து போய் தட்டு எடுத்துட்டு வந்தாரு."

"அப்ப இந்த ஒரு வேளையோட நிறுத்திக்க வேண்டியதுதானே? அதுக்கு முன்னாடி ஒருவாட்டி எதுக்குக் கொட்டிக்கறே?"

"நான் பக்கத்துல உக்காரலேன்னா அப்பா ரெண்டு வாயோட தட்டைத் தள்ளிடறாரே. மாத்திரை போடறவரு, வெறும் வயித்துல இருக்கக் கூடாதுன்னு நீதானே சொல்வே."

நிஜம்தான். அவளே நூறு தடவை சொன்னதுதான்.

"சரி, இங்கயாவது கொஞ்சமா போட்டுக்கறது?"

"நான் கையக் கழுவினா அவரும் கழுவிடுவாரு."

அம்மா பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "வயித்துல பாலை வார்த்தடா. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"என்ன நெனச்சே?"

"அது எதுக்கு இப்ப? தண்ணி கூட வெச்சுக்காம சாப்பிடறே, விக்கிக்கப் போகுது. போய் எடுத்துட்டு வா."

மைக்கைப் போட்டுவிட்டு எழுந்தான் மகன். "சார், எங்கம்மா. பேசிட்டிருங்க, இதோ வந்துடறேன்."

பெரியவர் நிமிர்ந்தார். அவன் போய்விட்டானா என்று பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்களே வந்தீங்க. பையன்கிட்ட சொல்லிடாதீங்க. வளர்ற பிள்ளைய இவ்வளவு நேரம் பட்டினி போடாதீங்கம்மா."

"பட்டினியா? இவனா?" என்றாள் அம்மா.

"அன்னிக்கு 'சாப்பிட்டீங்களா சார்'னு கேட்டான். எங்க வீட்ல கேக்கற மாதிரியே இருந்துச்சு, உடனே பதில் சொல்ல வரல. பாத்தா அவனே சாப்பிடலேங்கறான். எனக்கு மனசு கேக்குமா?"

"அப்ப நீங்க சார்..."

"எனக்கென்னம்மா? என் பொண்ணு வெளியூர்ல இருந்தாலும் தினம் வீடியோல கூப்பிட்டு, எதிர உக்காந்து, வகுப்புக்கு முன்னாடியே என்னைச் சாப்பிட வெச்சிடறா. ஆனா இவன், நான் தட்டெடுத்தாத்தான் தட்டெடுக்கறான். அதான் அவனுக்காக இன்னொருவாட்டி உக்காந்துடறேன்."

"உங்களுக்கு சிரமம் சார்."

"சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல. கீழ் வீட்டு டைலர்தான் நேத்து சலிச்சுக்கிட்டாரு, 'இதுக்கு மேல பிரிச்சு விட இந்த பேன்ட்டுல துணி இல்ல சார்'னு."